முள்ளம்பன்றியும் மேட்டுநிலத் தோட்டமும்

கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்களுக்கு முள்ளம்பன்றியால் நேரும் இழப்பு சொற்பமே. துன்பம் மேட்டுநிலத்தில்தான். மரவள்ளியோ வற்றாளையோ பயிரிட்ட கமக்காரர் காலையிற் சென்று பார்க்கையில், கிழங்கு தோண்டப்பட்டுப் பாதி கடித்தபடி கிடக்கும். தென்னங்கன்றும் தப்புவதில்லை. இவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளுமாறு அவரிடம் கூறுதல் நியாயமன்று. ஆயினும், கம்பிச் சுருக்கும் பன்றிவெடியுமே இதற்குப் பரிகாரம் என்னும் எண்ணம் பிழையானது.

இப்பிராணி பெயரளவில் மட்டுமே பன்றி. உண்மையில் எலி, அணில் போன்று கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலுள்ள முள்ளெலி வேறு; அது இலங்கையில் இல்லை. முள்ளம்பன்றி முட்களை எய்யும் என்பதும் தவறு. எய்ப்பன்றி என்ற பழம்பெயர் இந்நம்பிக்கைக்கு இடமளித்திருக்கலாம். முள் என்பது உருமாறிய மயிரே. பகைவிலங்கு நெருங்கினால் இது பின்புறமாகப் பாயும். அப்போது முள் எளிதிற் கழன்று பகைவிலங்கின் உடலில் தைக்கும்.

பகல் முழுவதும் வளையில் இணையோடும் குட்டிகளோடும் தங்கி, இரவில் வேர், கிழங்கு, மரப்பட்டை, உதிர்ந்த பழம் ஆகியவற்றைத் தேடும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகளே பிறப்பதால், எலியைப் போல் விரைந்து பெருகுவதில்லை. இதே இனம் வாழும் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில், 1980களில் ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையைக் கண்டனர். முள்ளம்பன்றி கிழங்குக்காகத் தோண்டிய குழிகளில் மழைநீரும் சருகும் விதைகளும் தங்கி, சுற்றுநிலத்தைவிடச் செடிகள் செழித்து வளர்ந்தன. மாரி மழையை நம்பியிருக்கும் திருகோணமலைப் பற்றைக்காடுகளிலும் அத்தகைய பயனை எதிர்பார்த்தல் தவறாகாது.

சுருக்குக்கோ ஆள் தெரியாது. 2020 மே மாதத்தில் மலைநாட்டு நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் உயிர் பிழைக்கவில்லை. அனுமதியின்றி இழுக்கப்படும் மின்கம்பியால் யானைகளும், சில வேளைகளில் அயலவரும் மடிகின்றனர். இத்தனைக்கும், தோட்டம் திறந்து கிடக்கும்வரை ஒன்றைக் கொன்றால் காட்டிலிருந்து வேறொன்று வரும்.

ஆகவே வேலியைத் திருத்துதலே முறை. கதியால் வேலியின் அடியில் இது எளிதில் நுழைந்துவிடும். கம்பிவலையைச் சுமார் ஓர் அடி ஆழத்திற்குப் புதைத்து, அதன் அடிப்பாகத்தை மண்ணுக்குள் வெளிப்புறமாக மடித்துவிட்டால், தோண்ட முயலும் பிராணி வலையில் முட்டித் திரும்பும். வலையின் விலை சிறு கமக்காரருக்குப் பாரமே. ஆனால் தத்தம் எல்லைக்குள் தனியே வேலியடைக்கும் வழக்கம் அப்பாரத்தை வீணே பெருக்குகிறது. சம அளவான நான்கு சதுரத் தோட்டங்களை ஒன்றுசேர்த்து ஒரே வேலியிட்டால், தனித்தனியே அடைப்பதற்கு வேண்டிய வலையிற் பாதி போதும். மரவள்ளியை நான்கிலும் காட்டோரத்தை விட்டு விலகிய பாத்திகளில் நடுதலும், உதிர்ந்த பழங்களை மாலையிலேயே அகற்றுதலும் அவ்வேலிக்குத் துணையாகும்.