சர்க்கார் கண்ணில் படாத குழந்தை

கல்வராயன் மலையில் ஒரு குடிசையை மனத்தில் கொள்வோம். அறுபத்தைந்தைக் கடந்த கிழவர், அவர் மனைவி, நான்கு வயதுப் பேரக் குழந்தை ஆகிய மூவர் அதில் வசிக்கின்றனர். குழந்தையின் பெற்றோர் பிழைப்பு நாடி வெளி ராஜ்யத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கின்றனர். குடும்பம் நம் கற்பனையே. ஆயினும் மலைக்குப் போய்வந்த எவரும் இதைப் பொய்யென்று சொல்லமாட்டார். இவர்கள் முதியோர் உபகாரச் சம்பளம் கோரி மனுச் செய்தால் சர்க்காரின் கண்ணுக்குக் கிழவர் தெரிவார். ஒருகால் கிழவியும் தெரியக்கூடும். குழந்தை மட்டும் தெரிவதில்லை.

1962-இல் காமராஜ் மந்திரிசபை மாதம் 20 ரூபாய் வீதம் இவ்வுதவியைத் தொடங்கியது. அக்காலத்தில் அது துணிவான காரியம். 2023-இல் அத்தொகை 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய சர்க்காரோ 1995-இல் தானும் ஒரு திட்டத்தை ஏற்படுத்தி, பின்னர் அறுபது முதல் எழுபத்தொன்பது வயதினருக்குத் தன் பங்காக 200 ரூபாய் நிர்ணயித்துவிட்டு, வெகு காலம் அதைத் தொடாமலே இருந்தது. விலைவாசி ஏறிய வேகத்தை டில்லி அறியாததல்ல.

ஆனால் தொகையைக் காட்டிலும் கணக்கிடும் முறையே நம்மை உறுத்துகிறது. முதியவர் ஒருவர் தம் ஒரு வயிற்றுக்கு மட்டுமே பொறுப்பாளி என்று இத்திட்டம் கருதுகிறது. சர்க்கார் ஊழியர் விஷயத்தில் இப்படிக் கருதப்படவில்லை. பழைய உபகாரச் சம்பள விதிகளின்படி, ஊழியர் இறந்தால் மனைவிக்கும், அவருக்குப் பின் இருபத்தைந்து வயது வரையில் பிள்ளைக்கும் குடும்ப உபகாரச் சம்பளம் உண்டு. தாலூகா கச்சேரி குமாஸ்தாவின் குழந்தைக்கு உள்ள பசி, சாமை விளைவிக்கும் மலையாளியின் பேரனுக்கு இல்லையா?

தனவந்தர்களின் தேசமான அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே 1935-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை 1939-இலேயே திருத்தி, ஓய்வு பெற்றவரின் மனைவியையும் மக்களையும் அதில் சேர்த்தனர். பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தகப்பனின் தொகையில் பாதி வரை தனியே கிடைக்கும். பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பராமரிக்கும் மனைவிக்கு, அவள் வயது எதுவாயினும், ஒரு பங்கு உண்டு. குடும்பம் முழுவதற்கும் ஓர் உச்ச வரம்பு மட்டும் வைத்திருக்கின்றனர். பேரக் குழந்தைகளுக்கோ, பெற்றோர் இறந்திருந்தால் அல்லது அங்கஹீனராயிருந்தால்தான் இவ்வுரிமை. அன்றியும் அது சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்து வருவது. நாம் கேட்பது அதனினும் ஒரு படி அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெற்றோரை இழந்த குழந்தைகளை நம் சர்க்கார் அடியோடு மறந்துவிட்டதாகவும் சொல்லமாட்டோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இரு பெற்றோரையும் இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் மற்ற அநாதைக் குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வகுத்தது. இரண்டும் நல்லவையே. எனினும் பெற்றோர் உயிரோடிருந்தும் அருகில் இல்லாத குழந்தை இவற்றுள் எதிலும் அடங்காது. தகப்பன் செத்தால்தான் தாத்தாவின் பாரத்தைச் சர்க்கார் ஒப்புக்கொள்ளுமா?

இதில் மோசடி நடக்குமென்று சிலர் ஆட்சேபிப்பர். அங்கன்வாடிப் பதிவேடும் பள்ளிக்கூட வருகைப் பதிவேடும் எதற்கு இருக்கின்றன? குழந்தை எவர் வீட்டில் உண்டு உறங்குகிறது என்பது கிராமம் முழுவதும் அறிந்த விஷயம்.

ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் இம்மலை சர்க்கார் வசம் வந்தது. கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019-இல். மலைவாசிகளின் நிலையைச் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது 2024-இல். இவ்வளவு தாமதித்த இடத்தில் முதலில் தொடங்குவதே நியாயம். பேரக் குழந்தையை வளர்க்கும் முதியோருக்கு, குழந்தை ஒன்றுக்கு உபகாரச் சம்பளத்தில் பாதியைக் கூட்டிக் கொடுக்கச் சட்டசபை வழி செய்யவேண்டும். 1,200 ரூபாய்க் கணக்கில் அது 600 ரூபாய். மனுவை வாங்க அதிகாரிகள் வெள்ளிமலையோடு நில்லாமல் உட்கிராமங்களுக்கும் போகவேண்டும்.