பில் போட போன் நம்பர் எதற்கு?

காஞ்சீபுரம் காந்தி ரோடு. முகூர்த்த மாதம். பெண் வீட்டார் எட்டுப் பேர் வேனில் வந்து இறங்குகிறார்கள். காலை முழுக்கப் புரட்டி, கூரைப் புடவை எடுத்தாகிவிட்டது. கல்லாவுக்கு வந்தால் பணத்துக்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்கள்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"நம்பர் எதுக்குப்பா?"

"கம்ப்யூட்டர் கேக்குது சார். பேரு, ஊரு, கல்யாண தேதியும் சொல்லிடுங்க. பரிசுக் கூப்பன் இருக்கு."

கல்யாண வீட்டு அவசரம். சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் போன் ஓய்வதில்லை. சமையல் ஆள் வேணுமா, போட்டோகிராபர் வேணுமா, கடன் வேணுமா!

பெயர், ஊர், நம்பர், கல்யாண தேதி. நாலும் சேர்ந்த பட்டியலுக்குச் சந்தையில் விலை உண்டு. தறி வேண்டாம், ஜரிகை வேண்டாம். புடவையை ஒரு தடவைதான் விற்க முடியும். பட்டியலைப் பத்துப் பேருக்கு விற்கலாம். பலே வியாபாரம்!

2023 மார்ச்சில் ஐதராபாத் பக்கம் சைபராபாத் போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். கையில் இருந்தது 16 கோடியே 80 லட்சம் பேரின் விவரம். 50 ஆயிரம் பேர் விவரம் வெறும் 2 ஆயிரம் ரூபாய்க்குப் போயிருக்கிறது. தலைக்கு 4 காசு! கத்தரிக்காய் கூட இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

வாங்குகிறவன் எல்லோரும் போட்டோகிராபர் இல்லை. மோசடி ஆசாமியும் வாங்குகிறான். "உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பரிசு விழுந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று தேதியோடு பேசினால், எந்தத் தகப்பனும் நம்பத்தான் செய்வார். கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த பணம் அதோடு போச்சு.

"நாங்க விக்கறதில்லீங்க" என்று முதலாளி சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரில் உட்காருவது முதலாளியா? ஒரு பென் டிரைவ் போதுமே.

ஜி.எஸ்.டி. விதியையாவது பார்க்கலாம். சில்லறை வாடிக்கையாளர் பில் 50 ஆயிரம் ரூபாயைத் தொட்டால் பெயரும் விலாசமும் எழுத வேண்டும். போன் நம்பரை அது கேட்கவே இல்லை. நம்பர் கொடுத்தே ஆகணும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் கேக்குது என்பது சும்மா சாக்கு.

அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கிய ஷரத்துகளுக்கு 18 மாத அவகாசம். வாங்கிய விவரத்தைப் பத்திரமாக வைக்காவிட்டால் அபராதம் 250 கோடி வரை போகும். ஜவுளிக்கடைக்காரர்கள் இப்போதே அந்த நோட்டைப் பூட்டி வைப்பது நல்லது.

காஞ்சீபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊர்ச் சரக்கில் ஒட்டினால் கேஸ் போடலாம். ஊர் பேருக்கு இவ்வளவு காவல். புடவை வாங்க வந்தவர் பேருக்கு?

நம்பர் இல்லாமல் பில் கிடையாது என்று கல்லாவில் அடம் பிடித்தால் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். பணமே போய்விட்டால் 1930. அதில் ஒரு நிமிஷம்கூட தாமதம் கூடாது.