தாயின் உயிர் காக்கும் படம்



குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி தானே கழன்று வெளியேறுவது இயற்கையின் நியதி. பெயரில் நஞ்சு இருப்பினும், கருவிலிருந்த சேய்க்கு உணவும் உயிர்க்காற்றும் அளித்தது அதுவே. ஆனால் சில தாய்மாரிடம் அது கருப்பையின் தசைக்குள் வேரூன்றிக் கழலாமல் நின்றுவிடுகிறது. பிரிக்க முயன்றால் குருதி பெருக்கெடுத்துத் தாயின் உயிர் ஊசலாடும்.

முன்பு சிசேரியன் ஆனவர்க்கு, மறு கருப்பத்தில் நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடினால், இந்த ஆபத்து மிகுதி. பழைய தழும்பில் கொடி பற்றிக்கொள்கிறது. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இவ்வாறு வாய் மூடியிருந்தவர்களுள் முன்பு ஒரு சிசேரியன் ஆனவரில் நூற்றுக்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவரில் 40 பேருக்கும் கொடி ஊன்றியிருந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூறு பேறுகளில் ஏறத்தாழ 45 சிசேரியன். ஆகவே இது எங்கோ நிகழும் செய்தியன்று.

இதனை முன்னரே அறிய முதலில் உதவுவது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். பெரும்பாலும் அதுவே போதும். கொடி கருப்பையின் பின்சுவரில் இருந்தாலோ, சிறுநீர்ப்பை வரை ஊடுருவியதா என்ற ஐயம் எழுந்தாலோ, மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லக்கூடும். அது காந்தத்தின் துணையால் எடுக்கப்படும் படம். எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை. இயந்திரத்தின் இரைச்சலுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

நம் தருமபுரி மாவட்டத்தில் ஸ்கேன் என்ற சொல்லுக்கே ஒரு கறை உண்டு. பெண் கருவை இனங்கண்டு அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அழிக்கப் பயன்பட்ட கருவியே இன்று தாயையும் சேயையும் காக்க முடியும். பயன்படுத்துவோர் மனமே அதற்கு அளவுகோல்.

முன்னரே தெரிந்தால், குருதி சேமித்து, தேர்ந்த மருத்துவர் கூடி, குறித்த நாளில் பேறு பார்க்கலாம். பெரும்பாலும் அது 34 முதல் 36 வாரத்துக்குள் அமையும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்க் குடும்பங்கள் கடைசி வாரங்களில் பெரிய மருத்துவமனைக்கு அருகே தங்குவதே அறிவுடைமை.

சிலவேளை குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் அகற்ற நேரிடும். இது பாவமோ எனக் கலங்குவோர் நம்மிடையே உண்டு. பேற்றின்போது கருப்பை பெரிதும் சேதமுற்று, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தால் அதை அகற்றுவது தகும் என 1993-இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுறுத்தியுள்ளது. அங்கு நோக்கம் மகப்பேற்றைத் தடுப்பதன்று, உயிரைக் காப்பதே. எனவே மனக்கலக்கத்தால் கையொப்பமிடத் தாமதியாதீர்கள்.

முன்பு சிசேரியன் ஆன மகளோ மருமகளோ மீண்டும் கருவுற்றால், "கொடி எங்கே இருக்கிறது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை நாளில் குருதி வழங்க நம் பங்கின் இளைஞர் இருவரேனும் உடன் செல்லட்டும். ஜெபத்தோடு இந்த உதவியும் சேரட்டும்.