படம் இருக்கிறது, காரணம் எங்கே?

1919இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த எக்லன்டைன் ஜெப் கைதுசெய்யப்பட்டார். துண்டறிக்கையில் எலும்பும் தோலுமாய் ஓர் ஆஸ்திரியக் குழந்தை. வயது இரண்டரை, எடை ஆறு கிலோகூட இல்லை. முதல் உலகப் போர் நின்ற பிறகும் பிரிட்டன் விலக்காத கடல் முற்றுகையே இதற்குக் காரணம் என்று அதில் பச்சையாக அச்சிட்டிருந்தது. நீதிமன்றம் விதித்த அபராதம் 5 பவுண்டு. அதே ஆண்டு மே மாதம் ஜெப்பும் தங்கை டோரத்தி பக்ஸ்டனும் 'சேவ் தி சில்ட்ரன்' நிதியத்தைத் தொடங்கினார்கள்.

பசித்த குழந்தையின் படம் இன்றுவரை நன்கொடை திரட்டித் தருகிறது. அதனுடன் வந்த காரணம்தான் வழியில் உதிர்ந்துவிட்டது.

1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரெமிலிருந்து மைக்கேல் பர்க் பிபிசிக்கு அனுப்பிய பஞ்சச் செய்தியும் முகமது அமீன் படம்பிடித்த காட்சிகளும் உலகை உலுக்கின. அடுத்த ஆண்டு ஜூலை 13 அன்று நிதி திரட்ட 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி நடந்தது. பணம் குவிந்தது, உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கொடுத்தவர்கள் மனதில் பதிந்ததெல்லாம் மழை பொய்த்த கதை மட்டுமே. எத்தியோப்பிய ஆட்சியாளர் மெங்கிஸ்டுவின் ராணுவம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு உணவு போகவிடாமல் தடுத்ததும், வடக்கு மக்களை வலுக்கட்டாயமாகத் தெற்கே கொண்டுபோய்க் குடியேற்றியதும் பின்னுக்குப் போயின. குடியேற்றத்தைப் பகிரங்கமாகக் கண்டித்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவை 1985 டிசம்பரில் அரசு வெளியேற்றியது.

வாய் திறந்தால் தானிய லாரி உள்ளே போகாது என்று மற்ற அமைப்புகள் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் களத்தில் பேச முடியாததை, நன்கொடை கேட்கும் ஊரிலும் மறைக்க வேண்டுமா?

1989இல் ஐரோப்பியத் தொண்டு அமைப்புகள் படங்களுக்கு நடத்தை விதிகள் வகுத்தன. பசித்தவரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்றன. நல்ல விதிதான். ஆனாலும் அழும் குழந்தை இருந்த இடத்தில் சிரிக்கும் குழந்தையைப் போட்டுவிட்டால் பசியின் காரணம் விளங்கிவிடாது.

உருக்கும் படத்துக்காகக் காத்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: படம் வரும்போது காலம் கடந்திருக்கும். சோமாலியாவுக்கான எச்சரிக்கைகள் 2010லேயே வந்துவிட்டன, ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. மாண்டவர்கள் சுமார் 2,60,000 பேர். அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். சந்தையில் ஏறிய சோள விலையும், மேய்ச்சலின்றி மடிந்த கால்நடைகளும், உதவி அமைப்புகளுக்கு ஆயுதக் குழுவான அல் ஷபாப் விதித்த தடையும் முன்பே சுவரொட்டிகளில் ஏறியிருக்க வேண்டிய செய்திகள்.