இருபத்தெட்டு நாளில் பத்து கிலோவா?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, காலையில் பழச்சாறு, மதியம் டப்பாவில் வரும் பவுடரைக் கரைத்துக் குடிப்பது, இரவு வெறும் சூப் என்று இருந்து, இருபத்தெட்டே நாளில் பத்து கிலோ குறைத்ததாக எழுதியிருந்தார். அவருடைய உறுதியைப் பாராட்டுகிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், 'மனசு வைத்தால் எல்லோராலும் முடியும், முடியாதவர்கள் சோம்பேறிகள்' என்று ஒரு வரி போட்டிருந்தாரே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. விடியற்காலை எழுந்து ராத்திரி பத்தரை மணிக்கு அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுப் படுப்பவள் சோம்பேறியா? இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வயது 51. புதுச்சேரி, குருசுக்குப்பத்தில் வீடு. கணவர், மாமியார், வேலைக்குப் போகும் மகன், நர்சிங் படிக்கும் மகள் என்று ஐந்து பேர். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஒன்றரை வருஷத்துக்கு முன் எடை 74 கிலோ. முட்டி வலிக்கிறதே என்று டாக்டரிடம் போனேன். அவர் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லி, "சர்க்கரை இன்னும் வரலம்மா, வாசப்படியில நிக்குது" என்றார்.

ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதிமூவாயிரம் பேரைப் பரிசோதித்து எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. அதில் உடல் பருமனில் முதலிடம் நம் புதுச்சேரிக்குத்தான்! நூற்றுக்கு 53 பேர். வயிற்றுச் சதையை மட்டும் அளந்தால் நூற்றுக்கு 61 பேர். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். தையல் மெஷின் டிராயரில் இருந்த டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். 98. மகளிடம் கூடச் சொல்லவில்லை.

பவுடர் சமாசாரத்துக்கு வருகிறேன். என் நாத்தனார் கதை இது, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை. மகன் கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று, தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு டப்பா டப்பாவாக வாங்கினாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லிக்குப் பதில் ஒரு டம்ளர் பவுடர் தண்ணீர். ஒன்பதாவது நாள் பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நல்ல வேளையாக நினைவு தப்பவில்லை. பூக்கார அம்மா விவரம் தெரிந்தவர். பக்கத்து டீக்கடையில் சர்க்கரை நிறையப் போட்டு டீ வாங்கிக் கொடுத்து, பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். "சில மாத்திரைங்க, நீங்க சாப்டீங்களா இல்லையான்னு பாக்காது. அதுபாட்டுக்கு சர்க்கரையை இறக்கிவிட்டுடும்" என்றாராம் டாக்டர். அந்தச் சகோதரியின் கடிதத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் டப்பா வாங்கினார்களோ, அதில் எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறவர்களோ! சர்க்கரைக்கோ ரத்தக் கொதிப்புக்கோ மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக் கூட நிறுத்தாதீர்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் போகக் கூடாது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். போய்த் திரும்பினால் மூன்று. என் நடைக்கு நாற்பது நிமிஷம். காசு செலவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தை வீட்டிலிருந்து பிடுங்கி எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று! காலை ஐந்தரைக்கு இவருக்குக் காபி வேண்டும். "நீ நடந்து என்ன ஆகப் போவுது, வீட்லயே தானே நடந்துகிட்டு இருக்கே?" என்பார். மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார். முதலில் பிளாஸ்கில் காபி போட்டு வைத்துவிட்டுப் போனேன். ஆறிப்போகிறது என்றார். ஒருநாள், "ஏங்க, பாண்லே பாலு ஃபிரிட்ஜ்ல இருக்கு, டிகாஷன் போட்டு வச்சிருக்கேன், நீங்களே கலந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு வாரம் பால் பொங்கி அடுப்பு நாசமாயிற்று. இப்போது தன் அம்மாவுக்கும் சேர்த்து அவரே கலக்கிறார்.

அங்கே காலையில் கூடுகிற எங்கள் கூட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எதிர்வீட்டு அக்கா பேலியோ இருந்தார். அரிசி, கோதுமை எதுவும் கிடையாது. ஒருவேளைக்கு நூறு பாதாம், அப்புறம் முட்டை, கறி, பனீர், வெண்ணெய். ஆறு மாதத்தில் 11 கிலோ குறைந்தது நிஜம். ஆனால் அவருக்கு மட்டும் ஒரு சமையல், வீட்டாருக்கு ஒரு சமையல். மகள் பிரசவத்துக்கு வந்ததும் இரண்டு சமையலும் பத்தியமும் சேர்ந்து சமாளிக்க முடியாமல் விட்டார். எட்டு கிலோ திரும்ப வந்துவிட்டது. அவரிடம் உறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொருவர் பள்ளி ஆசிரியை. இரவு ஏழு மணிக்கு மேல் வாயில் எதுவும் போடமாட்டார். அது எனக்கு ஒத்துவரவில்லை. மகன் ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து வருவான். அவனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே பசியோடு நின்றேன் என்றால், பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். மாலை ஆறரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, மகனோடு உட்கார்ந்து இரண்டு தோசை என்று வைத்துக்கொண்ட பிறகுதான் மிக்சர் டப்பா மூடியே இருக்கிறது.

கூட்டத்துக்கு வர முடியாத ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த மருமகள். காலையில் வெளியே போக அந்த வீட்டில் வழக்கமில்லை. எல்லோரும் மதியம் படுத்த பிறகு, செல்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ரூம் கதவைச் சாத்திவிட்டு இருபது நிமிஷம் குதிக்கிறாளாம். "கீழ் வீட்டுக்காரங்க கேட்டா துணி துவைக்கிறேன்னு சொல்லிடுவேன் ஆன்ட்டி" என்றாள். சிரித்தேன், அப்புறம் சங்கடமாகவும் இருந்தது.

எங்களைத் தாண்டிக் கூடையோடு போகிற மீன்கார ஆயா ஒருநாள் நின்று, "நாங்க நடந்தாத்தான் சோறு, நீங்க சோத்தைக் கரைக்க நடக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தோம். அந்த ஆயாவுக்கும் சர்க்கரை இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. நடந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை போலிருக்கிறது.

சாப்பாட்டில் நான் செய்தது இதுதான். மூன்று நாள், வாயில் போட்டது எல்லாவற்றையும் காலண்டர் பின்பக்கத்தில் எழுதினேன். தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது குறைவுதான். உப்புப் பார்க்க ஒரு கரண்டி, மகள் வைத்துவிட்டுப் போன பாதித் தோசை, வீணாகிறதே என்று மிச்சமிருந்த சோறு, பொரித்து வைத்த அப்பளத்தில் உடைந்தது, மாலை டீயில் தோய்த்து ஒரு நீள ரொட்டி (எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொட்டி இல்லாமல் மாலை கிடையாது). எழுதியதைப் பார்த்தால் நான் தனியாக இன்னொரு வேளை சாப்பிட்டிருக்கிறேன்! சட்டியில் மிஞ்சுவதெல்லாம் நம் வயிற்றுக்கு என்று யார் எழுதி வைத்தார்கள்? இப்போது ஒரு ஆழாக்கு அரிசி குறைத்துப் போடுகிறேன். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். ரொட்டியை விடவில்லை, பாதியாக்கிவிட்டேன். மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கிய இடத்தில் இப்போது மூன்றரை. தட்டில் பாதி காய், கீரை, மீதியில் சோறும் குழம்பும் மீனும். எல்லோருக்கும் ஒரே சமையல். அதனால்தான் என்னால் தொடர முடிகிறது. கொள்ளு ரசமும் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது, ஆனால் ரசம் குடித்துவிட்டு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டால் கொள்ளு என்ன செய்யும், பாவம்!

பதினான்கு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. இப்போது 67. டேப்பில் 90. டாக்டர் கணக்குப்படி நான் இன்னும் குண்டுதான். 60-க்குக் கீழே வர வேண்டுமாம். ஆனால் முட்டி வலி குறைந்துவிட்டது. சர்க்கரை வாசப்படியிலிருந்து தெருவுக்கு இறங்கியிருக்கிறது.

மகளிடம் "ஏழு கிலோதானே" என்று சலித்துக்கொண்டபோது அவள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் வெளியிட்டது. மூன்று வருஷத்தில், ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, நடக்கவும் செய்தவர்களில் 39 பேருக்குத்தான். இதில் விசேஷம் என்னவென்றால், அவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை! இளைக்காமலே பலன் கிடைத்திருக்கிறது. அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான் என்றும் சொன்னாள். மீதிப் பெண்களெல்லாம் யாருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தார்களோ!

பத்து கிலோ குறைத்த சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை. வரும் பொங்கல் முடிந்து, பட்சணமெல்லாம் தீர்ந்த பிறகு, மறுபடி மெஷினில் ஏறி நின்று பார்த்துவிட்டு, எவ்வளவு இருக்கிறீர்கள் என்று இதே பகுதிக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டில் காலைச் சமையலை யார் செய்கிறார்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். நானும் என் எடையை எழுதி அனுப்புகிறேன்.

- ஒரு வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி.