ரப்பர்ச் சவ்வும் சர்க்கார் கடமையும்

பழைய மோட்டார்க் கார் வழியில் திணறி நின்றால், "எஞ்சினோடு சேர்ந்த பெட்ரோல் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு மின்சாரப் பம்பு வைத்துவிடுங்கள்" என்று யோசனை கூறுவது வழக்கமாகி வருகிறது. வீரபாண்டியிலும் திருப்பூர் வட்டாரத்திலும் பத்மினி முதலிய பழைய கார்களைப் போற்றி வைத்திருப்போர் இவ்வார்த்தைக்கு உடனே இணங்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். பனியன் நெய்யும் யந்திரத்தில் ஊசி ஒடிந்தால் ஊசியை மாற்றுகிறோமேயன்றி யந்திரத்தின் அமைப்பையே மாற்றுவதில்லை. காருக்கு மாத்திரம் வேறு நியாயம் உண்டோ?

அந்தப் பம்பின் வேலை மிக எளியது. எஞ்சினிலுள்ள காம் தண்டு சுழலுகையில் நெம்புகோல் ஒன்று அசைந்து ரப்பர்ச் சவ்வைக் கீழே இழுக்கிறது. டாங்கியிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. பின்பு ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ள, பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குச் செல்லுகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். விபத்துக் காலத்தில் இதுவே ஒரு பாதுகாப்பு. மின்சாரப் பம்புக்கோ இதற்கெனத் தனி சுவிட்சு வேண்டும். அதன் அழுத்தம் மிகுந்தால் கார்ப்பரேட்டர் நிரம்பி வழியும். தீ அபாயமும் உண்டு.

பம்பில் பெரும்பாலும் கெடுவது அந்தச் சவ்வுதான். அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே கசியும், அல்லது எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தேய்த்துவிடும். ஆகவே பம்பை மாற்றுவோர் முதலில் பாட்டரி இணைப்பை நீக்கி, எஞ்சின் ஆறியபின் தொடுவார்களாக. டாங்கியிலிருந்து வரும் குழாயை அடைத்துக்கொள்ள வேண்டும். பழைய காஸ்கெட்டின் கனத்திற்கு மாறானதை வைத்தால் நெம்புகோலின் வீச்சே மாறிவிடும். போல்ட்டுகளைச் சமமாக முடுக்கியபின் ஆயிலை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாசனை இருந்தால் அதையும் மாற்றுவது அவசியம்.

இனி, சவ்வு கெடுவதன் புதிய காரணத்தைச் சொல்லவேண்டும். 2023-ம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கி, நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் தேசமெங்கும் பரவிவிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடியானவனுக்கு இது நலம். அந்நிய எண்ணெய்க்குச் செல்லும் பணமும் குறையும். இக்கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பிக் கெடுமென்பது தொழில் அறிந்தோர் யாவரும் ஒப்பிய விஷயம். பெட்ரோலிய மந்திரி இலாகாவே 2025 ஆகஸ்டில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் உறுப்புகளை மாற்ற நேரலாமென்றும், அதற்குச் செலவு சொற்பமே என்றும் கூறிற்று.

செலவு சொற்பமென்றே வைத்துக்கொள்வோம். எத்தனாலுக்கு ஈடு கொடுக்கும் சவ்வு கடையில் கிடைக்கவேண்டுமே! அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பத்மினி அதற்கு வெகு முன்னமே நின்றுபோயிற்று. உறுப்புக்குப் பொறுப்பேற்பவர் யார்? பழைய வண்டிகளுக்காக 10 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்கவேண்டுமென்று நீதி ஆயோக்கின் 2021-ம் வருஷத்துத் திட்டமே சொல்லியிருந்தது. எத்தனாலற்ற பெட்ரோலையும் விற்கும்படி உத்தரவு கோரிய மனுவை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. கோர்ட்டு தள்ளியதனால் சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது.

இரண்டு காரியங்கள் உடனே நடக்கவேண்டும். முதலாவது, எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர்ச் சவ்வுகளுக்குத் தரம் நிர்ணயித்து, முத்திரையிட்டு விற்கச் செய்யவேண்டும். பெரிய ஊர்களிலாவது 10 பங்கு எத்தனால் பெட்ரோல் கிடைக்கவேண்டும். இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையங்களில் கார்ப்பரேட்டர் வண்டியின் வேலையையும் கைவிடாது கற்பிக்கவேண்டும். கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். பின்பு கோயம்புத்தூரில் தொழிற்கல்விக்கும் பாடுபட்டவர். அவர் பிறந்த கொங்கு நாட்டிலேயே ஒரு பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இல்லாமற் போவது நமக்கு அழகன்று. ஒரு சவ்வு கிடைக்காததனால் நல்ல வண்டியொன்று காயலான் கடைக்குப் போகுமாயின், அந்தக் குற்றம் வண்டியினுடையதாகாது.