பெண்ணைப் பழிக்காதீர்!

மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப் போகிறது. முகத்தில் பருவும் அரும்பு மீசையும் தோன்றுகின்றன. "தின்றுவிட்டுத் தூங்குகிறாள்" என்று வீட்டில் தீர்ப்புக் கூறுகிறார்கள். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டார். இரண்டும் தவறு.

சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் இக்கோளாறு புதியதல்ல. 1935-லேயே சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவெந்தால் இருவரும் இதை விவரித்தனர். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு; அவர்களில் 70 சதவீதம் வரை அதை அறியாமலே இருக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காரணத்தில் ஒரு பகுதி பிறவியிலேயே வருகிறது. ஹார்மோன் என்பது ரத்தத்தில் வரும் கடிதம் என்றால், அதை வாங்கிப் படிப்பவை உயிரணுக்களில் உள்ள ஏற்பிகள். ஏற்பியின் மரபணு சற்று மாறினால், அதே கடிதம் வேறு விதமாகப் படிக்கப்படும். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களின் ஏற்பிகள், இன்சுலின் ஏற்பி ஆகியவற்றின் மரபணுப் பகுதிகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு எனச் சீன ஆய்வாளர்கள் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் அறிவித்தனர்.

ஆயினும் ஒரே மரபணுவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கில்லை. ஆண் ஹார்மோன் ஏற்பியின் மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியின் நீளத்தைத் தென்னிந்தியப் பெண்களிடம் ஆராய்ந்த ஐதராபாத் ஆய்வு 2010-ல் வெளியாயிற்று. அந்த நீளத்தை மட்டும் கொண்டு நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்க இயலவில்லை. பல மரபணுக்களும் வாழ்க்கை முறையும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன.

ஆகவே மகளையோ தாயையோ பழிப்பதில் நியாயமில்லை. மரபு தந்தை வழியிலும் வருகிறது. மரபணுச் சோதனைக்குக் காசைக் கரைக்கவும் வேண்டாம். நோயறிய அது தேவையில்லை. மாதவிலக்கு விவரமும் ரத்தப் பரிசோதனையும், வயது வந்தவர்களுக்குத் தேவைப்பட்டால் ஸ்கேனும் போதும். நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து இவற்றால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் சிகிச்சையுடன் தாயாகவும் முடியும்.

சிப்பிகாட் தமிழர்களுக்கு ஸ்ரீ விஜயபுரத்து ஜி.பி. பந்த் மருத்துவமனை பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்கக்கூடாது. மொழி தெரியாத தாய்மார்களுக்காகத் தமிழிலும் விளக்கத் துண்டறிக்கைகளைச் சுகாதாரத் துறை வெளியிட வேண்டும். மாப்பிள்ளை தேடும் முன் மருத்துவரைத் தேடுவதே பெற்றோரின் கடமை.